மணிக்கட்டில் ஒரு சொட்டு டிஞ்சர்

அத்தியப்பன் மழையில் கரைந்துபோன வருஷம் ஈச்சம்பள்ளத்தில் குச்சிக்கிழங்கு நல்ல விளைச்சல். ஜவ்வரிசி உருட்டுகிற சேகோ மில்லின் தொட்டிகள் எல்லாம் விளிம்புவரை கிழங்குப் பால் கட்டி நின்றன, கிழங்கு ஏற்றிய டிராக்டர்கள் மாரியம்மன் கோயில்வரை வரிசையில் நின்றன, மாவு உருண்டையைச் சூட்டுத் தட்டில் வறுக்கிற பெண்களுக்கும் களத்தில் காயப்போடுகிற பெண்களுக்கும் தலைக்கு எண்ணெய் வைக்கக்கூடப் பொழுதில்லை, அதனால் ஒரு மனிதன் தன் வீட்டு வாசலில், மகளுக்குக் காது குத்துகிற விசேஷத்தில், சொந்தக்காரர்கள் அத்தனை பேர் கண்முன்னாலும் வெள்ளையாகக் கரைந்து சாக்கடையில் ஓடியதைப் பற்றி ஊர் கூடிப் பேசுவதற்கு ஞாயிற்றுக்கிழமைவரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

அவன் போர்வெல் லாரியோடு வடக்கே போனவன். ஆடிப் பண்டிகைக்கு வந்தான், வழக்கம்போலத் தாடியோடும் தூக்கமில்லாத கண்ணோடும் வந்தான், கூரைக்கு ஓடு மாற்றினான், மாமனாரோடு பழைய சண்டையைப் புதுப்பித்துக்கொண்டான், குழம்பில் உப்புக் குறைந்தால் தட்டைத் தள்ளினான். காது குத்துகிற அன்று காலை மில் ஆபீஸுக்கு ஒரு போன் வந்தது. ஆடிக்கு முன்னாலேயே மண் சரிந்து அத்தியப்பன் போய்விட்டான், பாஷை தெரியாத இடத்தில் யாரைக் கேட்பதென்று புரியாமல் அங்கேயே எரித்துவிட்டோம், இத்தனை நாள் சொல்லத் தைரியம் வரவில்லை என்று லாரி மேஸ்திரி அழுதார். போனை எடுத்த கணக்குப்பிள்ளை ஜன்னல் வழியாக வெளியே பார்த்தார். அத்தியப்பன் தோளில் வாழை இலைக் கட்டோடு போய்க்கொண்டிருந்தான்.

"அவரு இங்கதானுங்க இருக்காரு. கூப்புடட்டுங்களா?" என்றார் கணக்குப்பிள்ளை. அந்தப் பக்கம் போன் வைக்கப்பட்டுவிட்டது.

அந்த இலையை நறுக்கும்போதுதான் அத்தியப்பன் விரலைக் கிழித்துக்கொண்டான். விசேஷத்துக்கு வந்திருந்த கம்பவுண்டர் ஆரோக்கியசாமி, எங்கே போனாலும் பையில் டிஞ்சர் பாட்டிலோடு போகிறவர், பஞ்சில் நனைத்து வைத்தார். ரத்தம் வரவில்லை. டிஞ்சர் பட்ட இடம் மை கொட்டினாற்போலக் கருநீலமாக மாறியது, விரல் அழுகிவிட்டதோ என்று பயந்து ஆத்தூர் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக்கொடுக்கப் பேனாவைத் தேடிக்கொண்டிருந்தார் ஆரோக்கியசாமி, அதற்குள் மழை வந்துவிட்டது. எல்லோரும் பந்தலுக்குள் ஓடினார்கள். வெளியே நனைந்துகொண்டிருந்த பாத்திரங்களை எடுக்கப் போன அத்தியப்பன் மட்டும் திரும்பி வரவில்லை. அவன் நின்ற இடத்திலிருந்து பால் ஓடியது. அவனுடைய அம்மா முந்தானையை விரித்து அதை அள்ளி அள்ளிப் பார்த்தாள், முந்தானை வழியாக அதுவும் போயிற்று.

இதைப் பேய் என்று யாரும் சொல்லவில்லை. பேய்க்கு எங்கள் ஊரில் வேறு வழிமுறைகள் இருந்தன. இது மாவு என்பது மில்லில் வேலை செய்த எல்லாருக்கும் பார்த்ததுமே தெரிந்தது, ஏனென்றால் அரைத்துப் பிழிந்த சக்கையான திப்பியில் இன்னும் மாவு மிச்சம் இருக்கிறதா என்று பார்க்க, திப்பி அலசிய தண்ணீரில் மில்லில் அதே டிஞ்சரைத்தான் ஒரு சொட்டு விடுவார்கள், நீலமானால் இன்னொரு முறை அலச வேண்டும், பழுப்பாகவே நின்றால் திப்பியை மாட்டுக்குக் கொட்டலாம். ஆக வெளியூர் போன அத்தியப்பன் அங்கேயே செத்துவிட்டான், இங்கே வந்தது அவன் நினைப்பும் அவன் கோபமும் அவன் தாடியும் கொண்ட மாவு, அவ்வளவுதான். அன்று காலை அவன் அம்மா கொதிக்கக் கொதிக்க எண்ணெய்க் குளியல் வைத்திருந்தாள், அதில் ஒன்றும் ஆகவில்லை. கிணற்றுத் தண்ணீரும் குழாய்த் தண்ணீரும் இப்படித் திரும்பி வருகிறவர்களை ஒன்றும் செய்வதில்லை என்றும், வானத்திலிருந்து விழுகிற தண்ணீருக்கும் மில் தொட்டிக்கும் மட்டும்தான் அவர்கள் கட்டுப்பட்டவர்கள் என்றும் பிறகு தெரிந்துகொண்டோம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை, அது மாவாகவே இருந்தாலும் இருந்துவிட்டுப் போகட்டுமே, சோறு போட்டால் குறைந்தா போய்விடும் என்று சில பெண்கள் கேட்டார்கள். ஊர்ப் பெரியதனம் நல்லண்ணன் நல்ல மனுஷர், மகன் பம்பாயில் இருந்தான், அவர் குரலை உயர்த்தவே இல்லை.

"இங்க ஒருத்தன் உக்காந்து சோறு தின்னுக்கிட்டிருந்தா, அங்க செத்தவனுக்கு யாரு கருமாதி பண்றது? பொண்டாட்டி பொட்டோட இருப்பா, புள்ள மொட்டை போடாது, ஒரு சொட்டுக் கண்ணீரு விடமாட்டாங்க. அவன் எங்கம்மா போவான்?"

 ஆகவே வெளியூரிலிருந்து திரும்புகிற யாராக இருந்தாலும் மணிக்கட்டில் ஒரு சொட்டு டிஞ்சர் வைத்துப் பார்த்த பிறகே வீட்டுக்குள் விடுவது, நீலமானால் மில் தொட்டியில் இறக்கிவிடுவது என்று முடிவாயிற்று.

முதல் முறை பார்த்தது பெரிய கூத்து. மில் விட்ட கையோடு எல்லாரும் கோயில் முன்னால் கூடியிருந்தார்கள், எப்படிப் பார்ப்பது என்று காட்டுவதற்காக ஆரோக்கியசாமி ஊர்க்காரர்கள் மேலேயே சொட்டுவிட்டார். வறுக்கிற வீரம்மா நீலம். மூட்டை தூக்குகிற ஆட்கள் நீலம். கஞ்சி போட்ட வேட்டியில் சிந்தியதால் பெரியதனமும் இடுப்புக்குக் கீழே நீலம். அத்தனை பேர் கையையும் தொட்டுப் பார்த்ததில் கம்பவுண்டரின் விரல்களும் நீலம். அன்று சாயங்காலம் ஒரு நாழிகை நேரம் ஈச்சம்பள்ளமே செத்துப் போயிருந்தது, ஆரோக்கியசாமி உட்பட. வீரம்மாதான் முதலில் சிரித்தாள், "அப்ப நாளைக்கு வேலைக்கு வர வேண்டியதில்லைங்களா?" என்று மில் மேனேஜரைப் பார்த்துக் கேட்டாள்.

அதிலிருந்துதான் விதிகள் வந்தன. சோப்புப் போட்டுக் குளித்துவிட்டு வரவேண்டும். கஞ்சி போட்ட துணி கூடாது. மாவு பறக்காத இடமாக, மில் ஓய்ந்திருக்கிற சாப்பாட்டு நேரமாக, ஈரம் பொட்டுக்கூட இல்லாமல் காய்ந்த உடம்பாக இருக்க வேண்டும். அதற்குத் தோதான இடம் காயப்போடுகிற சிமெண்டுக் களம், தோதான நேரம் உச்சி வெயில். வெறுங்காலோடு களத்தில் நிறுத்தி, தலையெல்லாம் கொதிக்கிறபடி காயவிட்டு, பிறகு சொட்டு வைத்தார்கள். யாரும் குறை சொல்ல முடியாத ஏற்பாடு என்று ஊரில் எல்லோருமே நினைத்தார்கள்.

புரட்டாசியில் வெயிலே தலைகாட்டாத ஒரு மூடாப்பு நாளில் வீரம்மாவின் பெரிய மகன் வந்தான். சொட்டு வைத்ததும் நீலமாயிற்று. அவனுக்குக் களத்திலேயே இலை போட்டுச் சோறு போட்டார்கள். சாப்பிட்டான், தண்ணீர் குடித்தான், அம்மாவைப் பார்த்து "நான்தாம்மா" என்றான், பிறகு யாரும் பிடித்துத் தள்ளாமல் தானாகவே தொட்டியின் படியில் இறங்கினான். மறுநாள் தொட்டியில் தெளிந்த தண்ணீரை வடித்தபோது மாவு வழக்கத்தைவிடக் கொஞ்சம் கனமாகப் படிந்திருந்தது. மில்லுக்காரர் அதில் ஒரு கை அள்ளிப் பார்த்தார். பிறகு உருட்டச் சொல்லிவிட்டார். வீரம்மா அன்று வறுக்க வரவில்லை, மறுநாள் வந்தாள், அதன்பின் அவள் சிரித்து யாரும் பார்த்ததில்லை.

தை பிறந்து வெயில் ஏறியதிலிருந்து நீலமே இல்லை. வந்தவர்கள் எல்லாரும் பழுப்பு. வீரம்மாவின் சின்ன மகன் பழுப்பு, பெரியதனத்தின் பம்பாய் மகன் பழுப்பு, பங்குனியில் பல வருஷம் கழித்து ஊர் திரும்பி அந்தக் களத்தில் உச்சி வெயிலில் கால் கொப்பளிக்க நின்ற நானும் பழுப்பு. அம்மன் கண் திறந்துவிட்டாள் என்று அந்த வருஷம் தீமிதி பெரிதாக நடந்தது.

அந்தப் பண்டிகைக்குத்தான் பாவாயியின் புருஷன் செங்கோடன் வந்தான். அவனும் போர்வெல் லாரிக்காரன், போன தீபாவளிக்குப் பிறகு அவனிடமிருந்து பேச்சே இல்லை. பாவாயி வறுக்கிறவள், பேச்சுக் குறைவு, அடுப்புச் சூட்டில் கிடந்து கிடந்து முகம் எப்போதும் சிவந்திருக்கும். களத்தின் ஓரத்தில் நின்று புருஷன் மணிக்கட்டில் சொட்டு விழுவதைப் பார்த்தாள், அது பழுப்பாகவே இருப்பதைப் பார்த்தாள், ஆரோக்கியசாமி தலையாட்டியதும் முன்னால் நடந்தாள், செங்கோடன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனான்.

அன்று பொழுது சாய்ந்து, வாசல் தெளித்து, சாப்பிட உட்காரும் முன் செங்கோடன் மண்பானைத் தண்ணீரில் கை கழுவினான். மணிக்கட்டில் இருந்த பழுப்புப் பொட்டு, வானத்தில் கறுக்கல் ஏறுகிற மாதிரி மெதுவாக, ஓரத்திலிருந்து நடுவுக்கு, நீலமாயிற்று. பாவாயி பார்த்தாள். அப்போதுதான் அடுப்பிலிருந்து சட்டியை இறக்கியிருந்தாள். சூடு ஆறாத அந்தக் கையால் அவன் மணிக்கட்டைப் பற்றிக்கொண்டாள்.

"என்னா புள்ள?"

"ஒண்ணுமில்ல மாமா. கரி ஒட்டிருக்குது."

கையை எடுத்தபோது பொட்டு பழுப்பாக இருந்தது. கொஞ்சம் பொறுத்துப் பார்த்தாள், காற்றுப் பட்டு ஆற ஆற மறுபடி நீலம். மறுபடி பிடித்தாள், மறுபடி பழுப்பு. களத்து வெயிலின் சூடு நீலத்தை மறைத்திருந்தது என்பது அவளுக்கு அந்த இடத்திலேயே விளங்கிவிட்டது, வேறு யார் யாருக்கு மறைத்தது என்பதும் விளங்கியிருக்க வேண்டும். சாம்பலும் புளியும் வைத்து அந்தப் பொட்டு போகிறவரை தேய்த்தாள். பிறகு சோறு போட்டாள்.

அதற்குப்பின் பாவாயியின் வீட்டில் அடுப்பு அணையவில்லை. செங்கோடனைத் திரும்ப லாரிக்கு அனுப்பாமல் மேனேஜரிடம் சொல்லி வறுக்கிற கொட்டகையிலேயே தன் பக்கத்துத் தட்டில் சேர்த்துவிட்டாள். ஆம்பளை வறுக்கிறதைப் பார்த்துப் பெண்கள் கேலி செய்தார்கள், "என்ன பாவாயி, முந்தானையிலேயே முடிஞ்சு வச்சுக்குவ போலிருக்குது" என்றார்கள், அவள் "ஆமாம்" என்றாள். மேகம் கறுத்தால் அவனுக்கு வெளியே போகிற வேலை ஏதும் இல்லாதபடி பார்த்துக்கொண்டாள். பெண்கள் எல்லாருடைய கண்ணும் புகையில் கலங்குகிற கொட்டகையில் அவள் கண் கலங்குவது யாருக்கும் தெரியாது, ஆகவே அவள் தன் புருஷனுக்கான அழுகையை அங்கே, அவன் பக்கத்திலேயே உட்கார்ந்து, வறுத்துக்கொண்டே அழுது தீர்த்தாள்.

செத்தவன் எங்கே போவான் என்று பெரியதனம் கேட்ட கேள்வி மட்டும் அவளை விடவில்லை. எங்கே கிடக்கிறான், யார் எரித்தார்கள், எரித்தார்களா. வேலை நடந்த இடங்களைப் பற்றிச் செங்கோடனிடம் பேச்சுக் கொடுத்துப் பார்த்தாள். அவன் ஊர் ஊராகச் சொல்லிக்கொண்டே வருவான், எத்தனை அடியில் தண்ணீர், எந்த ஊரில் நல்ல சோறு என்று எல்லாம் சொல்வான், ஓர் இடத்துக்கு வந்ததும் நின்றுவிடுவான்.

"ஒரு ஊர்ல தண்ணியே வரல. தோண்டிக்கிட்டே இருந்தோம்."

"அப்பறம்?"

"அப்பறம் வூட்டுக்கு வந்துட்டேன்."

அமாவாசை அன்று எள்ளும் தயிரும் கலந்து ஒரு பிடி சோறு கூரைமேல் வைக்க எடுத்தாள். யாருக்குப் புள்ள என்று கேட்டான். உங்க அப்பாருக்கு என்றாள். எட்டவில்லையே என்று அவனே வாங்கி, ஓட்டின்மேல் வைத்து, கா கா என்று கூப்பிட்டான். காக்கை வந்தது. சாப்பிட்டது. பாவாயி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அதன்பின் ஒவ்வொரு அமாவாசைக்கும் அவன்தான் அவனுக்கு வைத்தான்.

ஐப்பசி மழையில், களத்தில் பழுப்பென்று பேரெடுத்த ஒருவன் டவுன் பஸ்ஸின் படிக்கட்டில் தொங்கிக்கொண்டு வந்தவன், ஊருக்குள் வரும்போது படிக்கட்டில் இல்லை. படியிலிருந்து தார்ரோடு நெடுகிலும் ஒரு வெள்ளைக் கோடு. கண்டக்டர் பால்காரரைத் திட்டினார். நாங்கள் அந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

டிஞ்சர் பழசு, வீரியம் போய்விட்டது என்று ஆரோக்கியசாமி சொன்னார். ஊர் நம்பியது, பாட்டில்மேல் பழியைப் போடுவது எல்லாருக்கும் சுலபமாக இருந்தது. புது பாட்டில் வாங்கி, திரும்பி வந்த எல்லாரையும் மறுபடி பார்ப்பதென்று ஏற்பாடாயிற்று. மார்கழியில் மில்லில் வேலை அதிகம், சாப்பாட்டு நேரம்கூட ஓயாது, அதனால் வேலை தொடங்குவதற்கு முன் காலையில் கோயில் முன்னால் என்று தண்டோரா போட்டார்கள். மார்கழிக் காலையில் எங்கள் ஊரில் கொல்லிமலைப் பனி முழங்கால்வரை நிற்கும்.

பாவாயி அன்று விடியும்போதே கொட்டகைக்குப் போனாள். வறுக்கிற தட்டின் அடியில் தீ மூட்டி, தட்டு பொரிகிற பதத்துக்கு வந்ததும், இரண்டு உள்ளங்கையையும் அதன்மேல் வைத்து அழுத்தினாள். தோல் வெந்து கொப்பளித்தது. அந்தச் சூடு ஆறுவதற்குள் சாக்கைச் சுற்றிக்கொண்டு, ஓட்டமும் நடையுமாகக் கோயிலுக்கு வந்து, உள்ளங்கைச் சாக்கை விலக்கி, வரிசையில் நின்ற செங்கோடனின் மணிக்கட்டை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்துக்கொண்டாள்.

முறை வந்ததும் ஆரோக்கியசாமி கையை எடுக்கச் சொன்னார். எடுத்தாள். சொட்டு விழுந்தது. விழுந்ததுமே மறுபடி பொத்தினாள்.

"புடிக்கக் கூடாதும்மா. காயணும்."

"பயப்படறாருங்க. கொஞ்சம் புடிச்சுக்கறேன்."

அவர் அவள் விரல்களை மெல்ல விலக்கினார். பொட்டு பழுப்பாக இருந்தது, ஓரத்தில் மட்டும் மயிரிழை மாதிரி ஒரு நீலம். அவர் அதைப் பார்த்தார், பிறகு அவள் உள்ளங்கையைப் பார்த்தார்.

"கை என்னாச்சு?"

"தட்டு சுட்டுடுச்சுங்க."

ஆரோக்கியசாமி நிமிர்ந்தார். பாவாயிக்குப் பின்னால் வீரம்மா, சின்ன மகனின் மணிக்கட்டைப் பற்றிக்கொண்டு நின்றாள், அவள் கையிலும் சாக்கு சுற்றியிருந்தது. அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி, தம்பியோடு, விரல்களில் மஞ்சள் அப்பியிருந்தது. அவளுக்குப் பின்னால், அவளுக்குப் பின்னால், பனியில் எவ்வளவு தூரம் தெரிந்ததோ அவ்வளவு தூரம், வெந்த கையோடு பெண்கள். யாரும் யாரையும் பார்க்கவில்லை. ஒருவரும் ஒருவருக்கும் சொல்லாமல், ஒவ்வொருத்தியும் தன் வீட்டில், தன் அடுப்படியில், ஒரு சாயங்காலம் தனியாகக் கண்டுபிடித்து வைத்திருந்த விஷயம் அது.

வரிசையின் நடுவில் பம்பாய் மகனின் கையைப் பிடித்தபடி பெரியதனத்தின் சம்சாரம் நின்றுகொண்டிருந்தாள். பெரியதனம் நல்லண்ணன் போய் அவள் சாக்கை அவிழ்த்துப் பார்த்தார். அவள் தடுக்கவில்லை, முகத்தையும் திருப்பிக்கொள்ளவில்லை. அவர் அந்தச் சாக்கைப் பழையபடி சுற்றிவிட்டார், குழந்தைக்குச் சுற்றுகிற மாதிரி, நிதானமாக. பிறகு மகன் முகத்தைப் பார்க்காமலே திரும்பி நடந்து வந்தார்.

"எல்லாம் பழுப்புதான். போயி வேலையப் பாருங்க," என்றார். குரல் மட்டும் அவருடையதாக இல்லை.

ஆரோக்கியசாமி புது பாட்டிலை மூடி, அதைப் பைக்குள் வைக்கப் போனவர், வைக்காமல் பாவாயியிடம் கொடுத்தார். "புண்ணுக்குப் போட்டுக்கம்மா," என்றார்.

வீட்டில் அடுப்பு அவிந்திருந்தது. காலையில் அவசரத்தில் அதைக் கவனிக்காமல் போயிருந்தாள், அந்த வருஷத்தில் அது அவிந்தது அன்றைக்குத்தான். செங்கோடன் அவளை வெளிச்சத்தில் உட்காரவைத்து, சாக்கை அவிழ்த்து, கொப்பளம் உடைந்த உள்ளங்கையைத் தன் மடிமேல் வைத்துக்கொண்டான். வேண்டாம் மாமா, தானா ஆறிடும் என்று அவள் கையை இழுத்துப் பார்த்தாள். அவன் விடவில்லை. பஞ்சு கிடைக்காததால் டிஞ்சரை விரலிலேயே தொட்டுத் தொட்டு, ஊதி ஊதி, புண்ணின்மேல் தடவினான். அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"எரியுதா?"

"எரியுது."

அவள் கையில் அது பழுப்பாக இருந்தது, காய்ந்த இலை நிறத்தில். அவன் தன் விரலைப் பார்த்தான். நகத்திலிருந்து இரண்டாம் கணுவரை கருநீலம். தூரத்தில் மில்லின் அரவை தொடங்கியிருந்தது. விரலை அவள் உள்ளங்கைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தான்.

"எனக்கு எரியல, பாவாயி."

அவள் டிஞ்சர் பாட்டிலை எட்டி எடுத்து மூடினாள்.

"அந்த ஊர்ல தண்ணி வரவே இல்ல."

"தெரியும் மாமா."

அவன் எழுந்திருக்கப் பார்த்தான், கண் வாசல் பக்கம், மில் தொட்டி இருக்கிற பக்கம் போயிற்று. பாவாயி அந்த விரலைத் தன் வெந்த உள்ளங்கைக்குள் வைத்து மூடி, எரிய எரிய இறுக்கினாள்.

"உக்காருங்க," என்றாள். "சூடு ஏறட்டும்."